நவாஹோ மணற்கல்

நவாஹோ மணற்கல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில், கொலராடோ மேட்டுநிலத்தில் பரந்து காணப்படும் ஒரு படிவுப் பாறை அமைப்பு ஆகும். ஏறத்தாழ 190 மில்லியன் (19 கோடி) ஆண்டுகளுக்கு முன்னர், தொடக்க யுராசிக் காலத்தில், காற்றினால் குவிக்கப்பட்ட பாலைவன மணல்மேடுகளிலிருந்து இது உருவானது. பாலைவன நிலத்தோற்றத்துக்கும் மணற்கல்லுக்கும் இடையே உள்ள புவியியல் தொடர்பை விளக்கப் பெரிதும் பயன்படும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

இப்பாறை இன்று வெளித்தெரியும் இடங்களும் பெரும்பாலும் வறண்ட நிலங்களே. இதனால் இன்றைய பாலைவனமே இக்கல்லை உண்டாக்கியது என்றோ, பழைய பாலைவனம் அப்படியே கல்லாகி நிற்கின்றது என்றோ கருதுவோர் உண்டு. இவ்விரண்டும் சரியல்ல. கல்லின் உள்ளே காணப்படும் சாய்ந்த அடுக்குகள் பழைய பாலைவனத்துக் காற்றின் விளைவு. கல்லின் வெளி வடிவமோ மிகப் பிற்காலத்தில் ஆறுகளாலும், மழையாலும், உறைபனியாலும், காற்றாலும் செதுக்கப்பட்டது. இவ்விரு காலங்களுக்கும் இடையில் இப்பகுதியின் பெரும்பகுதி கடலுக்கு அடியிலும் இருந்துள்ளது.

பெயரும் பரவலும்

அமெரிக்கப் புவியியலாளர் ஹெர்பர்ட் கிரெகரி, நவாஹோ பழங்குடியினர் வாழும் பகுதியின் புவியியலை ஆராய்ந்து 1917இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். அங்கு பரவலாகக் காணப்பட்ட இம்மணற்கல்லுக்கு அப்பகுதியின் பெயரே வழங்கலாயிற்று.

யூட்டா, அரிசோனா, கொலராடோ ஆகிய மாநிலங்களில் இது காணப்படுகின்றது. இதே பாலைவனத்தில் உருவான பாறை, தெற்கு நெவாடாவில் அஸ்டெக் மணற்கல் எனவும், வயோமிங் பகுதியில் நக்கெட் மணற்கல் எனவும் அழைக்கப்படுகின்றது. மேற்குப் பகுதிகளில் இதன் தடிப்பு மிகுதி. தென்மேற்கு யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவில் இது 600 மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புடன் செங்குத்துப் பாறைச் சுவர்களாக நிற்கின்றது. கிழக்கு நோக்கிச் செல்லச் செல்லத் தடிப்புக் குறைகின்றது.

நவாஹோ மணற்கல்லுக்குக் கீழே கயென்டா அமைப்பு உள்ளது. இது பெரும்பாலும் ஆறுகளால் படிந்த மணலும், வண்டலும், களியும் சேர்ந்தது. கல்லின் மென்மையிலும் நீரை ஊடுவிடும் தன்மையிலும் இவ்விரு அமைப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, இன்றைய நிலத்தோற்றத்தில் முக்கிய பங்கு வகிக்கின்றது.

பாலைவனமும் மணலும்

பாலைவனம் என்றவுடன் மணல்மேடுகளே நினைவுக்கு வந்தாலும், உலகப் பாலைவனங்களின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மணலால் மூடப்பட்டுள்ளது. எஞ்சியவை பாறை நிலங்களும், கூழாங்கல் சமவெளிகளும், மலைகளும், வறண்ட ஏரிப் படுகைகளுமாகும். மறுபுறம், எல்லா மணற்கற்களும் பாலைவனத்தில் தோன்றியவை அல்ல. ஆற்றுப்படுகை, கழிமுகம், கடற்கரை, ஆழமற்ற கடல் ஆகிய இடங்களில் படிந்த மணலும் மணற்கல்லாக மாறும்.

ஆகவே ஒரு மணற்கல் பாலைவனத்தில் இன்று காணப்படுவதைக் கொண்டு, அது பாலைவனத்தில் பிறந்தது எனக் கூற இயலாது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதியில் உள்ள உலுரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மணற்கல், மலைகளிலிருந்து நீரால் அடித்து வரப்பட்டு மலையடிவாரத்தில் விசிறி வடிவில் படிந்த மணலால் ஆனது. இதற்கு நேர்மாறாக, பிரேசிலின் பொட்டுகாட்டு மணற்கல் பழைய பாலைவன மணல்மேடுகளிலிருந்து உருவானது. எனினும் அது பரவியுள்ள பகுதிகள் பல இன்று மழைவளம் மிக்கவை.

நவாஹோ மணற்கல்லில் பிறப்பிடமும் பாலைவனம், இன்றைய இருப்பிடமும் வறண்ட நிலம். இவ்வொற்றுமையே இதனைப் பற்றிய குழப்பங்களுக்குக் காரணமாகின்றது.

தொல்பாலைவனம்

தொடக்க யுராசிக் காலத்தில் உலகின் நிலப்பகுதிகள் பெரும்பாலும் பாஞ்சியா என்னும் ஒரே பெருங்கண்டமாக இணைந்திருந்தன. அக்கண்டத்தின் மேற்கு ஓரத்தில், தாழ்ந்த அகலக்கோட்டுப் பகுதியில், இம்மணற்பாலைவனம் பரந்திருந்தது. புவியின் வரலாற்றில் அறியப்பட்ட மிகப் பெரிய மணற்பரப்புகளுள் இதுவும் ஒன்று.

மணலின் பிறப்பிடம்

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சிர்க்கான் என்னும் கனிமம் விடை தந்தது. சிர்க்கான் துகள்கள் மிகவும் கடினமானவை. பாறை உடைந்து மணலாகி நெடுந்தொலைவு சென்றாலும் அவை அழிவதில்லை. அவற்றில் சிறிதளவு யுரேனியம் உண்டு. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுவதால், இவ்விரண்டின் விகிதத்தை அளந்து துகள் தோன்றிய காலத்தைக் கணக்கிடலாம்.

நவாஹோ மணற்கல்லிலும் அப்பகுதியின் பிற காற்றுவழி மணற்கற்களிலும் உள்ள சிர்க்கான்களின் வயதுகள் 2003இல் வெளியான ஆய்வுகளில் அளவிடப்பட்டன. அவற்றுள் கணிசமானவை, கண்டத்தின் மறுபுறத்தில் உள்ள அப்பலாச்சியன் மலைகளின் பாறை வயதுகளுடன் பொருந்தின. அம்மலைகளின் அரிப்பால் உண்டான மணலைப் பெரிய ஆறுகள் மேற்கு நோக்கிக் கொண்டு வந்தன எனவும், ஆறுகள் விட்டுச் சென்ற மணலைப் பின்னர் காற்று தெற்கு நோக்கி வாரிச் சென்று குவித்தது எனவும் இவ்வாய்வுகள் விளக்கின. அதாவது, பாலைவனத்தின் மணலைப் பாலைவனமே உண்டாக்கவில்லை. ஆறுகள் தந்த மணலைக் காற்று பிரித்தெடுத்தது.

காற்று நுண்ணிய தூசியைத் தொலைவுக்குக் கொண்டுசென்று விடுகின்றது. கூழாங்கற்களை அதனால் அசைக்க இயலாது. இடைப்பட்ட பருமனுள்ள துகள்களே தரையில் துள்ளித் துள்ளி நகர்ந்து மணல்மேடுகளாகின்றன. இதனால் நவாஹோ மணற்கல்லின் துகள்கள் பெரும்பாலும் ஒரே அளவினதாக உள்ளன. அவற்றின் பெரும்பகுதி குவார்ட்சு ஆகும். ஒன்றோடொன்று மோதியதால் பல துகள்கள் உருண்டையாகவும், தேய்ந்த கண்ணாடிபோல மங்கியும் காணப்படுகின்றன.

மணல்மேடு கல்லாகும் முறை

குறுக்கு அடுக்கமைவு

மணல்மேட்டில் காற்று வீசும் பக்கம் மெல்லிய சரிவாகவும், காற்றுக்கு மறைவான பக்கம் செங்குத்தான சரிவாகவும் இருக்கும். காற்று வீசும் பக்கத்தில் ஏறும் மணல் உச்சியைக் கடந்து மறைவுப் பக்கத்தில் விழுகின்றது. உலர்ந்த மணல் ஏறத்தாழ 30 முதல் 34 பாகை வரையிலான சரிவிலேயே நிலையாக நிற்கும். அதற்கு மேல் செங்குத்தானால் சரிந்துவிடும். ஒவ்வொரு சரிவும் ஒரு சாய்ந்த மணல் அடுக்கை விட்டுச் செல்கின்றது. மணல்மேடு இவ்வாறு முன்னேறுகையில், அதனுள் சாய்ந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. இவ்வமைப்பு குறுக்கு அடுக்கமைவு எனப்படும்.

பாறையில் இவ்வடுக்குகள் சாயும் திசை, பழைய காற்று வீசிய திசையைக் காட்டுகின்றது. நவாஹோ மணற்கல்லின் அடுக்குகள் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குத் திசைகளை நோக்கிச் சாய்ந்துள்ளன.

புதைவும் இறுகலும்

மணல்மேடு உண்டாவதால் மட்டும் மணற்கல் உண்டாகிவிடாது. பெரும்பாலான மணல்மேடுகள் பின்வரும் காற்றால் கலைக்கப்பட்டு வேறு மேடுகளாகின்றன. மணல் நிலைத்து நிற்க, நிலம் மெல்லத் தாழ வேண்டும். அல்லது நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து மணலை நனைத்துக் காற்றிடமிருந்து காக்க வேண்டும். நவாஹோ பாலைவனத்தில் நிலத் தாழ்வு நெடுங்காலம் தொடர்ந்ததாலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் மணல் சேர முடிந்தது.

அவ்வாறு சேரும்போதும் முழு மேடு பாதுகாக்கப்படுவதில்லை. பின்னால் வரும் மணல்மேடு, முன்னால் சென்றதன் மேற்பகுதியை அரித்துவிட்டு அதன் அடிப்பகுதியின் மீது ஏறுகின்றது. இதனால் பாறையில் காணப்படுபவை வெட்டுண்ட அடிப்பகுதிகளின் அடுக்கேயாகும். யூட்டாவின் ஆர்ச்சசு தேசியப் பூங்காவில் உருண்டையான நவாஹோ மணற்கல் குன்றுகள் 'கல்லான மணல்மேடுகள்' என அழைக்கப்படுகின்றன. அவற்றின் பொருள் பழைய மணல்மேட்டு மணலே. ஆனால் அவற்றின் உருண்டை வடிவம் பழைய மேட்டின் வடிவம் அன்று. அது பிற்கால அரிப்பினால் உண்டானது.

பின்னர் வந்த காலங்களில் இம்மணலின் மீது வேறு படிவுகள் மிகுந்த தடிப்பில் சேர்ந்தன. கிரீத்தேசியக் காலத்தில் வட அமெரிக்காவின் நடுப்பகுதியை ஊடறுத்த உள்நாட்டுக் கடல் இங்கும் பரவி, சேற்றையும் மணலையும் படியச் செய்தது. மேலுள்ள படிவுகளின் எடையால் மணல் இறுகியது. துகள்களுக்கிடையே ஊடுருவிய நிலத்தடி நீரிலிருந்து கால்சைட்டு, சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகியவை படிந்து துகள்களைப் பிணைத்தன. இவ்வாறு மணல் மணற்கல்லாயிற்று.

தோற்றம் பற்றிய கருத்து வேறுபாடு

இம்மணற்கல் காற்றால் படிந்தது என்பதே பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்தாக இருந்து வந்தது. எனினும் 1970களில் இதற்கு மறுப்பு எழுந்தது. ஆழமற்ற கடல்களின் அடியிலும் நீரோட்டங்கள் பெரிய மணல் அலைகளை உண்டாக்குகின்றன. அவற்றின் உள்ளேயும் குறுக்கு அடுக்கமைவு உண்டு. ஆகவே நவாஹோ மணற்கல்லின் பெரும்பகுதி கடலடியில் படிந்திருக்கலாம் எனச் சிலர் வாதிட்டனர்.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. கடல் எனக் கொண்டால் அக்காலத்துக் கடற்கரையின் இடமும், காலநிலையும், கண்டத்தின் படமும் மாறிவிடும். எண்ணெய் தேடுவோருக்கும் இதில் அக்கறை இருந்தது. காற்று மணலில் களி மிகக் குறைவு, துளைகள் தொடர்ச்சியானவை. இதனால் எண்ணெயும் எரிவளியும் தேங்கும் முறை மாறுபடுகின்றது. யூட்டாவின் நடுப்பகுதியில் 2004இல் கண்டறியப்பட்ட கவனன்ட் எண்ணெய் வயலில் எண்ணெயைத் தேக்கி வைத்திருப்பது நவாஹோ மணற்கல்லே ஆகும்.

அடுக்குகளின் பெரிய வடிவத்தை மட்டும் கொண்டு இவ்விவாதத்தைத் தீர்க்க இயலவில்லை. தீர்வு மிகச் சிறிய அடுக்குகளில் கிடைத்தது. ரால்ப் ஹண்டர் என்னும் புவியியலாளர் இக்காலக் கடற்கரை மணல்மேடுகளை வெட்டி ஆராய்ந்து, காற்று உண்டாக்கும் அடுக்கு வகைகளை 1977இல் விவரித்தார். காற்றின் சிற்றலைகள் நகரும்போது சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள சீரான அடுக்குகளை விட்டுச் செல்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்மணல் கீழேயும் பருமணல் மேலேயும் அமையும். சரிந்து விழும் மணல் அடுக்குகளும், உச்சியைக் கடந்து தூவப்படும் மணல் அடுக்குகளும் இவற்றிலிருந்து வேறுபடுகின்றன.

இவ்வடுக்கு வகைகள் நவாஹோ மணற்கல்லில் காணப்படுகின்றன. நிலவாழ் விலங்குகளின் கால்தடங்களும், மணல்மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலங்களில் காய்ந்து வெடித்த சேற்றின் தடங்களும் இதனுடன் பொருந்துகின்றன. காற்றுவழித் தோற்றமே இன்று பரவலாக ஏற்கப்படுகின்றது.

தொல்பாலைவனத்தில் மழையும் உயிர்களும்

மழை

இப்பாலைவனத்தில் மழையே பெய்யவில்லை என்று கூறமுடியாது. அரிசோனா–யூட்டா எல்லையில் உள்ள கயோட்டி பியூட்சு பகுதியின் மணற்கல்லில், நனைந்து பாளமாகச் சரிந்த மணலின் தடங்கள் உள்ளன. டேவிட் லூப் முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுதோறும் மாறும் காற்றினால் உண்டான அடுக்குகளை, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலக் கொண்டு கணக்கிட்டனர். 36 ஆண்டுக்கால மணல்மேட்டு நகர்வைக் காட்டும் ஒரு பகுதியில், கனமழையால் உண்டான 24 சரிவுகள் இருந்தன. அவற்றுள் 20 கோடைகாலப் பருவமழையாலும், 4 குளிர்காலப் புயல்களாலும் ஏற்பட்டவை என அவர்கள் விளக்கினர். 19 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மழையை ஆண்டுக் கணக்கில் அறிய முடிந்தது, மணல்மேட்டு அடுக்குகள் எவ்வளவு நுட்பமான பதிவேடு என்பதைக் காட்டுகின்றது.

உயிரினங்கள்

மணல்மேடுகளுக்கு இடையே நீர் தேங்கிய இடங்களில் சுண்ணாம்புக்கல் மெல்லிய வில்லைகளாகப் படிந்துள்ளது. அத்தகைய சில இடங்களில் ஊசியிலை மரங்களின் கல்லான அடிமரங்கள் கிடைத்துள்ளன. தொன்மாக்களின் (டைனோசர்) கால்தடங்கள் பல இடங்களில் உள்ளன, எலும்புகள் அரியவை. 1936இல் விவரிக்கப்பட்ட செகிசாரசு என்னும் சிறிய ஊனுண்ணித் தொன்மா, அரிசோனாவில் இம்மணற்கல்லில் கிடைத்தது. யூட்டாவில் கிடைத்து 2010இல் விவரிக்கப்பட்ட சீட்டாட் என்னும் தாவர உண்ணியின் எலும்புக்கூட்டில் தலை இல்லை. சரிந்த மணல்மேடு ஒன்று இவ்விலங்கைப் புதைத்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. நவாஹோ மக்களின் கதைகளில், இரையை மணலில் புதைத்து விழுங்கும் பூதத்தின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

நிறமும் இரும்புக் கட்டிகளும்

நவாஹோ மணற்கல் சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் காணப்படுகின்றது. மணல் துகள்களின் மீது மெல்லிய படலமாக உள்ள ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடே சிவப்பு நிறத்துக்குக் காரணம். பிற்காலத்தில் பாறையினூடே சென்ற சில நிலத்தடித் திரவங்கள் இவ்விரும்பைக் கரைத்து அகற்றின. அப்பகுதிகள் வெளுத்து வெண்ணிறமாயின. ஆகவே இன்று காணும் நிறப் பட்டைகள் அனைத்தும் பழைய மணல் அடுக்குகள் அல்ல. அவற்றுள் பல, நீர் சென்ற பாதைகளின் தடங்களாகும்.

கரைந்த இரும்பு வேறிடங்களில் மீண்டும் படிந்து கோலிக்குண்டுகள் போன்ற உருண்டைக் கட்டிகளாயிற்று. இவை 'மோக்கி கோலிகள்' என வழங்கப்படுகின்றன. 2004இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஆப்பர்சூனிட்டி தளவுலவி, மெரிடியானி சமவெளியில் ஹெமடைட் உருண்டைகளைக் கண்டது. நவாஹோ மணற்கல்லின் கட்டிகளை அவற்றுடன் ஒப்பிட்ட ஆய்வு அதே ஆண்டில் வெளியாயிற்று. அங்கும் நிலத்தடி நீர் இருந்திருக்க வேண்டும் என்னும் கருத்தை விளக்க இவ்வொப்பீடு உதவியது.

இன்றைய நிலத்தோற்றம்

கொலராடோ மேட்டுநிலம் பிற்காலத்தில் மேலெழும்பியது. கடந்த சில மில்லியன் ஆண்டுகளில் கொலராடோ ஆறும் அதன் துணையாறுகளும் இந்நிலத்தை ஆழமாக வெட்டின. இவ்வாறுகளின் நீரில் பெரும்பகுதி இவ்வறண்ட நிலத்தில் பெய்தது அன்று; ராக்கி மலைகளின் பனியும் மழையும் தந்தது. ஆகவே பாலைவனத்தின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை வெட்டியது காற்று அன்று, நீரே ஆகும்.

இன்றைய வறட்சியின் பங்கு வேறு வகையானது. மழை குறைவாதலால் மண் படலமும் தாவரங்களும் பாறையை மூடுவதில்லை. பாறையை மெல்லச் சிதைக்கும் வேதி மாற்றங்களும் குறைவு. இதனால் செங்குத்துச் சுவர்கள் நெடுங்காலம் நிலைக்கின்றன. கீழுள்ள மென்மையான கயென்டா அமைப்பு முதலில் அரிக்கப்படும்போது, ஆதரவிழந்த நவாஹோ மணற்கல் பாளம் பாளமாக உடைந்து விழுகின்றது. சுவர் பின்வாங்கினாலும் செங்குத்தாகவே இருக்கின்றது.

இப்பாறையில் காணப்படும் குறிப்பிடத்தக்க தோற்றங்கள் சில:

செக்கர்போர்டு மேசா: சயான் தேசியப் பூங்காவில் உள்ள குன்று. இதன் கிடையான வரிகள் தொல்பாலைவனத்தின் அடுக்குகள். நெடுக்கு வரிகள் பிற்கால வெடிப்புகள். ஒரே சுவரில் இரு காலங்களையும் காணலாம்.

வானவில் பாலம்: தெற்கு யூட்டாவில் ஓடை ஒன்று பாறைச் சுவரை ஊடறுத்ததால் உண்டான இயற்கைப் பாலம். ஏறத்தாழ 88 மீட்டர் உயரமுடையது. நவாஹோ, பையூட், ஹோப்பி முதலிய பழங்குடியினருக்கு இது புனித இடமாகும்.

அலை: கயோட்டி பியூட்சில் உள்ள வளைந்த பாறைப் பள்ளம். முதலில் ஓடுநீராலும் பின்னர் காற்றாலும் செதுக்கப்பட்டது. மென்மையான பாறை விளிம்புகள் மிதிபட்டு உடையக்கூடியவை. எனவே பார்வையாளர் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 20 பேர் என்றிருந்த வரம்பு 2021இல் 64ஆக உயர்த்தப்பட்டது.

நிலத்தடி நீர்

துகள்களுக்கிடையே எஞ்சிய துளைகளால் நவாஹோ மணற்கல் சிறந்த நீர்தாங்கியாக விளங்குகின்றது. மழைநீரும் பனிநீரும் இதனுள் மெல்ல இறங்குகின்றன. கீழுள்ள கயென்டா அமைப்பின் களி அடுக்குகள் நீரை எளிதில் ஊடுவிடாததால், நீர் பக்கவாட்டில் நகர்ந்து பாறைச் சுவர்களில் ஊற்றாகக் கசிகின்றது. சயானில் உள்ள 'அழும் பாறை' இவ்வாறு உண்டானது. வறண்ட சுவரின் நடுவே பாசிகளும் செடிகளும் தொங்கும் பசுமைத் திட்டுகள் இத்தகைய கசிவிடங்களில் காணப்படுகின்றன.

வடகிழக்கு அரிசோனாவில் நவாஹோ, ஹோப்பி மக்களின் குடிநீருக்கு இந்நீர்தாங்கி முக்கிய ஆதாரமாகும். இதில் உள்ள நீரின் ஒரு பகுதி, ஈரமான காலநிலை நிலவிய கடந்த பனியூழிக் காலத்தில் உட்புகுந்தது. அப்பகுதியின் பிளாக் மேசா சுரங்கத்திலிருந்து நெவாடாவிலிருந்த மின்நிலையத்துக்கு, நிலக்கரியைத் தூளாக்கி நீருடன் கலந்து நீண்ட குழாய்வழியே அனுப்பினர். இதற்கான நீர் 1970 அளவில் தொடங்கி இந்நீர்தாங்கியிலிருந்து இறைக்கப்பட்டது. ஊற்றுகளும் கிணறுகளும் வற்றுவதாக அங்கு வாழும் மக்கள் நெடுங்காலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். மின்நிலையம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டதையடுத்து இக்குழாய்வழிப் போக்குவரத்தும் நின்றது. பழைய பாலைவனத்தின் மணல் சேர்த்து வைத்த நீர், இன்றைய வறண்ட நிலத்தில் எளிதில் ஈடுசெய்ய இயலாத செல்வமாகும்.

மீண்டும் மணலாதல்

மணற்கல் சிதையும்போது அதன் பிணைப்புப் பொருள் கரைந்து, குவார்ட்சு துகள்கள் மீண்டும் மணலாக உதிர்கின்றன. தெற்கு யூட்டாவின் கோரல் பிங்க் மணல்மேடுகள் என்னும் மாநிலப் பூங்காவில், சுற்றியுள்ள நவாஹோ மணற்கல்லிலிருந்து உதிர்ந்த இளஞ்சிவப்பு மணலைக் காற்று மலையிடைவெளி ஒன்றின் வழியே கொண்டுவந்து புதிய மணல்மேடுகளாகக் குவிக்கின்றது. அப்பலாச்சியன் மலைகளில் பாறையாயிருந்து, ஆற்று மணலாகி, யுராசிக் பாலைவன மேடாகி, மணற்கல்லாகிய துகள்கள் இங்கு மீண்டும் காற்றில் நகர்கின்றன. இம்மேடுகளும் ஒருநாள் கல்லாகுமா என்பது, அவை காற்றால் கலைக்கப்படுவதற்கு முன் புதைந்து பாதுகாக்கப்படுமா என்பதைப் பொறுத்தது.